வடவெல்லையும் மு.வ.வின் வாசகர்களும்

மு. வரதராசன் (ஏப்ரல் 25, 1912 - அக்டோபர் 10, 1974) தமிழ்ப் பேராசிரியர், நாவலாசிரியர், திருக்குறள் உரையாசிரியர். மு.வ. என்ற சுருக்கப் பெயரிலேயே வாசகர்களால் அறியப்பட்டவர். 1940களின் பிற்பகுதியில் தொடங்கி ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் தமிழில் மிக விரும்பி வாசிக்கப்பட்ட எழுத்தாளர்களில் ஒருவராக இருந்தார். அவருடைய நூல்கள் திருமணங்களில் பரிசாகக் கொடுக்கப்பட்டன, பள்ளி ஆண்டுவிழாக்களில் வழங்கப்பட்டன, நூலகப் பிரதிகளில் அடிக்கோடிடப்பட்டன. அதே காலகட்டத்தில், சிற்றிதழ் மரபில் வந்த விமர்சகர்கள் அவரை நாவலாசிரியராகவே கருதவில்லை. கதைமாந்தர் வழியாகப் பேராசிரியர் பேசுகிறார் என்பதே அவர்களின் தீர்ப்பாக இருந்தது.

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் சரியானது. ஆனால் மு.வ. ஏன் விரும்பப்பட்டார் என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. நல்ல நாவல் எது என்று அறியாத வாசகர்கள் என்று சொல்லி அந்தக் கேள்வியைக் கடந்துவிடும் வழக்கம் உண்டு. அது வாசகர்களைப் பற்றி ஒன்றும் அறியாமல் சொல்லப்படும் பதில். மு.வ.வை விரும்பியவர்களில் பெரும்பாலோர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாக நூல் வாசிக்கத் தொடங்கியவர்கள். அவர்கள் அவரிடம் தேடியது கதையை மட்டும் அல்ல.

வடவெல்லை

திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ள நெசவூர் அம்மையார்குப்பம். இத்தகைய ஊர்களின் வரலாற்றுடன் சேர்த்துப் பார்த்தால் மு.வ. மீதான விருப்பத்தின் ஒரு பகுதி விளங்கும். பழைய வட ஆர்க்காட்டைச் சேர்ந்த இப்பகுதி, 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுடன் இணைக்கப்பட்டது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூருடன் ஆந்திரத்துக்குச் சென்றது. ம.பொ. சிவஞானம், மங்கலங்கிழார், திருத்தணி கே. விநாயகம் முதலியோர் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்கும், படாஸ்கரின் பரிந்துரைக்கும், 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்துக்கும் பின்னர் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் இங்குள்ள தமிழர் தெலுங்கு முதன்மை பெற்ற ஒரு மாவட்டத்தில் வாழ்ந்தனர். வீட்டில் ஒரு மொழி, சந்தையில் இரண்டு மொழி, மாவட்ட அலுவலகத்தில் வேறொரு மொழி என்பது அன்றாட நடைமுறை.

இங்கே தமிழ் படிப்பது ஒருவர் தாமே எடுக்கும் முடிவாக இருந்தது. அந்த முடிவை எடுத்தவர்களுக்குத் துணைநின்றவர் மங்கலங்கிழார். அரக்கோணத்தை அடுத்த புளியமங்கலத்தைச் சேர்ந்த அவர், அறநெறித் தமிழ்ச் சங்கத்தை அமைத்து, ஊர் ஊராகச் சென்று கட்டணம் இல்லாமல் தமிழ் கற்பித்தார். பகலில் வேலை செய்தவர்கள் மாலையில் நன்னூலும் குறளும் படித்தனர், தமிழ்த் தேர்வுகளுக்கு எழுதினர். மங்கலங்கிழார் 1953-ல் காலமானார். எல்லை திரும்பியதை அவர் காணவில்லை.

திருத்தணி உலகுக்கு ஒரு பெரிய நூலாசிரியரைத் தந்த ஊர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பிறந்தது இங்கேதான். ஆனால் அவர் எழுதியது ஆங்கிலத்தில், தத்துவத்தில். அவர் ஊருக்குப் பெருமை. மாலையில் குறள் படிக்கத் தொடங்கியவருக்கு வேண்டியது வேறு வகை நூல்.

மு.வ.வின் முன்னோர் ஊரான வேலம், வாலாஜாபேட்டையை அடுத்தது. அம்மையார்குப்பத்திலிருந்து சோளிங்கர் வழியாகச் சென்றால் அடையக்கூடிய தொலைவுதான். மு.வ. பிறந்தது திருப்பத்தூரில். பள்ளிப் படிப்புக்குப் பின் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார், உடல்நலக் குறைவால் விலகினார். கல்லூரிக்குச் செல்லாமல் முருகைய முதலியாரிடம் தமிழ் கற்று, 1935-ல் வித்துவான் தேர்வில் முதல் மாணவராகத் தேறினார். பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே பட்டங்களைப் பெற்றார். 1939-ல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார், 1948-ல் முனைவரானார், 1961-ல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவரானார், 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். வித்துவான் தேர்வுக்குத் தனியே படித்த ஒரு எழுத்தர் துணைவேந்தராக உயர்ந்த வரலாறு இது. வடவெல்லையில் அதே தேர்வுக்குத் தனியே படித்துக்கொண்டிருந்தவருக்கு இந்த வாழ்க்கை தன்னுடையதைப் போலவே தெரிந்திருக்கும். அவருடைய நூல்களின் குரலில் இருக்கும் நம்பிக்கை அந்த வாழ்க்கையிலிருந்து வருவது. படித்தால் உயரலாம், ஒழுங்காக இருந்தால் உயர்வு நிலைக்கும் என்று அவர் எழுதும்போது, அதைத் தானே செய்து பார்த்தவரின் சொல்லாக வாசகர் அதை எடுத்துக்கொண்டார்.

மூத்தவரின் குரல்

தமிழ் வாசகர்கள் எழுத்தாளர்களை விரும்பிய விதங்கள் பல. கல்கியை விரும்பியவர்கள் அடுத்த வாரத்துக்காகக் காத்திருந்தனர். 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது அந்தக் காத்திருப்பே வாசிப்பின் பாதி இன்பம். நா. பார்த்தசாரதியின் குறிஞ்சிமலரை விரும்பியவர்கள் பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்தனர். ஜெயகாந்தனை விரும்பியவர்கள் அவருடன் சண்டையிட்டனர், அவர் முன்னுரைகளில் அதற்குப் பதில் சொன்னார், அந்த வாதத்துக்காகவே மீண்டும் வாசித்தனர். சுஜாதாவை விரும்பியவர்கள் அவருடைய வாக்கியங்களைப் போலவே பேச முயன்றனர்.

மு.வ.வை விரும்பியவர்கள் அவரிடம் யோசனை கேட்டனர். இந்த உறவு வேறு வகையானது. அவருடைய நாவல்கள் பெரும்பாலும் வார இதழ்களில் தொடராக வரவில்லை, நேரடியாக நூலாக வந்தன. முதல் நாவலான செந்தாமரையை அவரே வெளியிட்டார். பின்னர் தாயக வெளியீடு என்ற பெயரில் நூல்கள் வந்தன, பாரி நிலையம் அவற்றை விற்றது. ஓவியரின் படம் இல்லை, அத்தியாய முடிவில் தொங்கவிடும் உத்தி இல்லை. கடன் வாங்கியும், நூலகத்தில் எடுத்தும், பரிசாகப் பெற்றும் தனியே அமர்ந்து வாசிக்கப்பட்ட நூல்கள் அவை. 1948-ல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம் சிற்றூர்களுக்குக் கிளை நூலகங்களைக் கொண்டுவந்த காலமும் மு.வ.வின் நூல்கள் அடுத்தடுத்து வெளியான காலமும் ஒன்று. அவர் பரவியதில் இதற்குப் பெரும் பங்குண்டு. இதழ் வாங்க வாரந்தோறும் காசு தேவை. நூலகத்துக்கு அது தேவையில்லை.

இந்த உறவு மிகத் தெளிவாகத் தெரிவது அவருடைய கடித நூல்களில். அன்னைக்கு, தம்பிக்கு, தங்கைக்கு, நண்பர்க்கு ஆகிய நான்கும் உறவின் பெயரைத் தலைப்பாகக் கொண்டவை. தம்பிக்கு நூலில் மூத்தவனான வளவன் இளையவனான எழிலுக்கு எழுதுகிறான். மொழியைக் காப்பது எப்படி, பணத்தை எப்படிக் கையாள்வது, நல்லவனாக இருப்பதோடு வல்லவனாகவும் ஏன் இருக்க வேண்டும் என்று கடிதங்கள் விரிகின்றன. கருத்துகள் பெரிதும் புதியவை அல்ல. திரு.வி.க.விடமும் காந்தியிடமும் குறளிடமும் பெற்றவை. புதியது அவை சொல்லப்பட்ட முறை. மேடையில் நின்று பேசுபவரின் குரல் அதில் இல்லை. திண்ணையில் பக்கத்தில் அமர்ந்து பேசும் குரல் அது. சில ஆண்டுகளுக்குப் பின் சி.என். அண்ணாதுரை தன் கட்சியினரைத் தம்பி என்று விளித்துக் கடிதங்கள் எழுதத் தொடங்கினார். அந்தத் தம்பி ஒரு கூட்டம். மு.வ.வின் தம்பி ஓர் ஆள்.

நெசவுக் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளி இறுதி வகுப்பை எட்டிய ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். தறியில் எந்த ஐயம் வந்தாலும் அவனுக்குச் சொல்லித்தர வீட்டில் ஆட்கள் உண்டு. பாவு எப்படி ஓட்டுவது, இழை அறுந்தால் எப்படி முடிவது என்பதெல்லாம் தந்தையும் சிற்றப்பனும் அறிந்தவை. கல்லூரிக்கு விண்ணப்பிப்பது எப்படி, விடுதியில் யாருடன் சேரலாம், உடன் படிக்கும் பெண்ணிடம் எப்படிப் பேசுவது, சம்பளம் வாங்கத் தொடங்கியபின் வீட்டுக்கு எவ்வளவு அனுப்புவது என்று சொல்ல அந்த வீட்டில் எவரும் இல்லை. அவனுக்கு முன்னால் யாரும் அந்த வழியில் போகவில்லை. மு.வ.வின் நூல்கள் அந்த வெற்றிடத்தில் வந்து அமர்ந்தன. இல்லாத அண்ணனின் இடம் அது.

அகல் விளக்கு

1958-ல் வெளிவந்து 1961-ல் சாகித்ய அகாடமி விருது பெற்ற அகல் விளக்கு, இந்த வாசகருக்கு மிக நெருக்கமான நாவல். கதை வாலாஜாபேட்டையில் தொடங்குகிறது. வேலய்யன் கதையைச் சொல்கிறான். அவனுடைய பள்ளித் தோழன் சந்திரன் அழகன், அறிவாளி, எல்லோராலும் விரும்பப்படுபவன். வேலய்யன் சராசரி மாணவன். இருவரும் சென்னைக்குக் கல்லூரிப் படிப்புக்குச் செல்கின்றனர். சந்திரன் உடன் படிக்கும் இமாவதியின் நட்பைக் காதல் என்று எண்ணிக்கொள்கிறான். அவளுக்கு வேறொருவருடன் திருமணம் முடிவானதும் உடைந்துபோகிறான். படிப்பை விடுகிறான், ஊரைவிட்டு மறைகிறான், நீலகிரியில் ஒளிந்து வாழ்கிறான், நோயுற்றுத் திரும்பி இறக்கிறான். வேலய்யன் மெல்லப் படித்து, வேலைக்குச் சென்று, குடும்பம் நடத்துகிறான். சந்திரன் பெரிதாகச் சுடர்விட்டு அணைகிறான், வேலய்யன் அகல்போல அடங்கி எரிகிறான்.

கதையமைப்பு நீதிக்கதையுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு முக்கியமான இடத்தில் அது அன்றைய பொது மனநிலைக்கு எதிராகச் செல்கிறது. இமாவதியின் மீது நாவல் பழி சுமத்துவதில்லை. அவள் சிரித்துப் பேசினாள், உதவி செய்தாள், அவ்வளவுதான். ஒரு பெண் இயல்பாகப் பழகுவது காதலின் அடையாளம் அல்ல, அப்படி எடுத்துக்கொண்டது சந்திரனின் பிழை என்பதில் நாவல் உறுதியாக நிற்கிறது. ஏமாற்றிய பெண், ஏமாந்த ஆண் என்பது திரைப்படங்களில் நிலைபெற்ற வார்ப்பாக இருந்த காலம். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் கல்லூரிக்கு முதன்முதலாகச் சென்ற கிராமத்து இளைஞனுக்கு இதைவிடப் பயனுள்ள ஒன்றை எவரும் சொல்லியிருக்க முடியாது. மு.வ.வை விரும்பிய வாசகர் இந்த இடத்தில் ஏமாந்துபோகவில்லை. தனக்குத் தேவையானதைத் தேர்ந்து எடுத்துக்கொண்டார்.

சராசரியானவனைக் கதைசொல்லியாக வைத்ததும் கவனிக்கத்தக்கது. இலக்கிய வாசகரின் ஆர்வம் இயல்பாகவே சந்திரன் பக்கம் செல்லும். வீழ்ச்சியில்தான் நாடகம் இருக்கிறது. வேறொரு நாவலாசிரியர் சந்திரனின் உள்ளே இறங்கியிருப்பார். மு.வ. இறங்கவில்லை, நாவலின் பெரும் இழப்பு அதுதான். நீலகிரியில் சந்திரன் வாழ்ந்த ஆண்டுகள் தொலைவிலிருந்தே காட்டப்படுகின்றன. ஆனால் முப்பத்தைந்து மதிப்பெண்ணுக்கும் நாற்பதுக்கும் இடையில் அல்லாடிக்கொண்டிருந்த வாசகர், ஒரு நாவலின் மையத்தில் தன்னைப் போன்ற ஒருவன் இருப்பதை அதற்கு முன் கண்டதில்லை. கல்கியின் நாயகர்கள் இளவரசர்கள் அல்லது தியாகிகள். வேலய்யன் கணக்கில் தோற்கக்கூடியவன்.

மொழி

மு.வ.வின் மாந்தர்கள் வட்டார வழக்கில் பேசுவதில்லை. வாலாஜாபேட்டைக்காரனும் சென்னைக்காரனும், மாணவனும் மூதாட்டியும், ஏறத்தாழ ஒரே வகையான தூய எளிய தமிழில் உரையாடுகின்றனர். யதார்த்தவாத நோக்கில் இது பெரும் குறை. கி. ராஜநாராயணன் கரிசல் வழக்கைக் கொண்டுவந்த பின் இந்தக் குறை மேலும் வெளிப்படையாகத் தெரிந்தது. வட ஆர்க்காட்டுப் பேச்சின் ஓசையை மு.வ.விடம் தேடினால் கிடைக்காது. பாலாற்றங்கரையில் வளர்ந்தவர், சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி ஆய்வு செய்து பட்டம் பெற்றவர், தன் நாவல்களில் இயற்கையைப் பெரும்பாலும் இருவர் பேசிக்கொள்வதற்கான இடமாக மட்டுமே வைத்தார் என்பதும் வியப்பானது.

வடவெல்லை வாசகர் இந்த மொழியை வேறு விதமாகப் பெற்றிருக்கக்கூடும். தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் ஊரில், தன் பேச்சுத் தமிழை அலுவலகமும் ஏற்காமல் பட்டணத்தாரும் ஏற்காமல் கூச்சத்துடன் வாழ்ந்தவருக்கு, மு.வ.வின் மாந்தர்கள் பேசியது பேச விரும்பிய தமிழ். பண்டிதத் தமிழைப் போல அது அச்சுறுத்தவில்லை. மறைமலையடிகளின் தனித்தமிழில் கடினமாக இருந்தது இங்கே நடைமுறைக்கு இறங்கி வந்திருந்தது. வாக்கியங்கள் சிறியவை, சொற்கள் தெரிந்தவை, வடசொற்கள் குறைவு, ஆனால் குறைத்திருப்பது உறுத்தாது. இப்படி எழுத முடியும் என்றால் நாமும் எழுதலாம் என்ற துணிவை அந்த நடை தந்தது. கடிதம் எழுதுவதற்கும், மேடையில் இரண்டு சொல் பேசுவதற்கும், விண்ணப்பம் எழுதுவதற்கும் அது மாதிரியாக நின்றது. மலர்விழி, தேன்மொழி, கயற்கண்ணி என்று பெண்களுக்குத் தமிழ்ப் பெயரிடும் வழக்கம் பரவியதில் திராவிட இயக்கத்துடன் சேர்த்து மு.வ.வின் நாவல்களுக்கும் பங்குண்டு.

விடுபட்டவை

வாசகரின் அன்பைப் புரிந்துகொள்வது அந்த அன்பு எதைக் காணாமல் விட்டது என்பதை மறைப்பதாக ஆகக்கூடாது.

முதலாவது, சந்திரனின் நோய். நாவலில் சந்திரனுக்கு வருவது தொழுநோய். ஒழுக்கம் தவறியவனின் இறுதி அடையாளமாக அது வைக்கப்படுகிறது. நாவல் எழுதப்பட்ட காலத்தில் வட ஆர்க்காடும் செங்கல்பட்டும் தொழுநோய் மிகுந்த மாவட்டங்கள். வேலூரில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளை அறுவை சிகிச்சையால் சீர்செய்துகொண்டிருந்தார். காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955-ல் தொழுநோய் ஆய்வு மையம் தொடங்கப்பட்டுவிட்டது. டாப்சோன் மருந்து பயன்பாட்டுக்கு வந்திருந்தது. இது கிருமியால் வரும் நோய், குணப்படுத்தக்கூடியது என்ற செய்தியை ஊர் ஊராகக் கொண்டுசெல்ல மருத்துவப் பணியாளர்கள் முயன்ற அதே மண்ணில், அந்த மண்ணின் மிக விருப்பமான எழுத்தாளர் அதைத் தீயொழுக்கத்தின் கூலியாக எழுதினார். அறிவியல் நோக்கையும் மூடநம்பிக்கை எதிர்ப்பையும் வலியுறுத்தியவர் அவர் என்பதால் இந்தப் பிழை மேலும் கனமானது. நாவலை வாசித்தவர்களில் அந்நோய் கொண்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். அறிவுரை சொல்லும் எழுத்தாளர் தவறாகச் சொன்னால் அது கலைப்பிழையாக மட்டும் நிற்பதில்லை.

இரண்டாவது, சாதி. மு.வ.வின் உலகில் சாதி என்பது நல்லவர்கள் கைவிட வேண்டிய தீய பழக்கம். அது யார் நிலத்தில் யார் உழைக்கிறார்கள், யார் தெருவில் யார் நடக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பாக அவர் நாவல்களில் அழுத்தம் பெறுவதில்லை. அவருடைய இளைஞனுக்குத் தடையாக இருப்பவை பெரும்பாலும் அவனுடைய சொந்தக் குறைகள்: சோம்பல், ஆசை, உணர்ச்சிவசப்படுதல். தடை வெளியே இருக்கும் ஒருவனுக்கு மு.வ.விடம் சொல்ல அதிகம் இல்லை. அதே வட ஆர்க்காட்டின் பேரணாம்பட்டிலிருந்து அழகிய பெரியவனின் தகப்பன் கொடி 2001-ல் வந்தபோது, மு.வ.வின் ஊர்களில் எந்தப் பகுதி காட்டப்படாமல் இருந்தது என்பது புலப்பட்டது.

பெண்கள் பற்றிய பார்வையை ஒரே வரியில் முடிக்க இயலாது. தங்கைக்கு நூலின் அறிவுரைகளில் பல, பெண் விட்டுக்கொடுத்தால் குடும்பம் நிற்கும் என்ற பழைய கணக்கைச் சார்ந்தவை. ஆனால் கரித்துண்டில், காலிழந்து நடைபாதையில் படம் வரையும் ஓவியனும் அவனைப் பிரிந்த மனைவியும் வேறு வேறு துணைகளுடன் வாழ்வதை அவர் பெரிய தண்டனை ஏதுமின்றி ஏற்கிறார். கடிதங்களில் பேசும் அண்ணனைவிட நாவல்களில் எழுதுபவர் சற்றுத் துணிந்தவர். திருமணப் பரிசாகக் கொடுக்கப்பட்டவற்றில் கள்ளோ காவியமோ நாவலும் ஒன்று. கணவன் மனைவியின் பிணக்கும் பிரிவும் துயரமும் நிறைந்த அந்தக் கதையை மணமக்கள் கையில் கொடுத்தவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார்களா என்பது வேடிக்கையான கேள்வி. படித்தவர்கள் அதை எச்சரிக்கையாகக் கொடுத்திருக்க வேண்டும்.

கடந்து சென்றவர்கள்

மு.வ.வின் வாசகர்களைப் பற்றிய முக்கியமான செய்தி, அவர்களில் பலர் அவரிடம் தங்கவில்லை என்பது. பதினேழு வயதில் அவரை அடிக்கோடிட்டு வாசித்தவர்கள் இருபத்தைந்தில் ஜெயகாந்தனிடமோ ரஷ்ய மொழிபெயர்ப்புகளிடமோ சென்றனர். மேலும் சிலர் புதுமைப்பித்தனைக் கண்டடைந்தபின் மு.வ.வை வாசித்ததை வெளியே சொல்லக் கூசினர். பெரும்பாலான வாசகரின் விருப்பப் பட்டியலில் முதலில் இடம்பெற்று முதலில் நீக்கப்படும் பெயர் அவருடையது.

இதற்கு இலங்கையில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஈழத்து நாவலாசிரியர் செ. கணேசலிங்கன் தொடக்கத்தில் மு.வ.வின் எழுத்தில் ஈடுபாடு கொண்டிருந்தவர். பின்னர் மார்க்சியத்தை ஏற்று, சாதிக் கொடுமையை மையமாகக் கொண்ட நீண்ட பயணம் போன்ற நாவல்களை எழுதினார். மு.வ. சொல்லாமல் விட்ட இடத்திலிருந்து அவர் தொடங்கினார் என்று சொல்லலாம். ஆனால் பிற்காலத்தில் இளையவர்களுக்குத் தன் கருத்துகளை விளக்க நினைத்தபோது அவர் தேர்ந்த வடிவம் கடிதம். குந்தவிக்குக் கடிதங்கள், குமரனுக்குக் கடிதங்கள் ஆகிய நூல்களில் உள்ள கருத்து மு.வ.வுக்கு முற்றிலும் மாறானது. அமர்ந்து பேசும் முறை அவரிடமிருந்து வந்தது. கைவிடப்பட்ட எழுத்தாளர் இப்படியும் தொடர்வதுண்டு.

விமர்சகர்களின் கணக்கில் இது இடம்பெறவில்லை. கலைத்தரம் என்ற அளவுகோலில் செந்தாமரை முதல் அகல் விளக்கு வரை எந்த நாவலும் தமிழின் முதல் வரிசையில் நிற்காது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் வரிசை நாவல்களை வாசிக்கத்தக்க வாசகர் எங்கிருந்து வந்தார் என்ற கேள்வி அந்த அளவுகோலுக்கு வெளியே நிற்கிறது. தி. ஜானகிராமனின் வாசகர் பெரும்பாலும் வாசிப்புப் பழக்கம் உள்ள குடும்பத்திலிருந்து வந்தவர் என்று எடுத்துக்கொண்டால், அப்பழக்கம் இல்லாத குடும்பத்திலிருந்து வந்தவருக்கு இடையில் ஒரு படி தேவைப்பட்டது. அந்தப் படியில் நின்றவர்கள் பலர். மு.வ.வின் பக்கத்தில் நின்றவர்கள் எண்ணிக்கையில் அதிகம்.

திருக்குறள் தெளிவுரை

மு.வ.வின் நாவல்கள் இன்று குறைவாகவே வாசிக்கப்படுகின்றன. கடிதங்கள் அவ்வப்போது மறுபதிப்பு பெறுகின்றன. குறையாமல் நிற்பது 1949-ல் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் வெளியிட்ட திருக்குறள் தெளிவுரை. சட்டைப்பையில் அடங்கும் அளவில் வந்த அந்த நூல் நூற்றுக்கும் மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது. பரிமேலழகரின் உரையைப் படிக்கத் தனியே இலக்கணப் பயிற்சி வேண்டும். மு.வ. ஒவ்வொரு குறளுக்கும் ஓரிரு வாக்கியத்தில் பொருள் சொன்னார், மேற்கோள் இல்லை, இலக்கணக் குறிப்பு இல்லை, விவாதம் இல்லை. உரைகளின் வரலாற்றில் இது ஆழமான உரை அல்ல. குறளின் பல அடுக்குகளை அது தட்டையாக்குகிறது என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. மங்கலங்கிழாரைப் போன்ற ஓர் ஆசிரியர் வந்து சொல்லித்தர வாய்ப்பில்லாத ஊர்களில், ஆசிரியர் இல்லாமல் குறள் படிக்க அந்தச் சிறு நூல் உதவியது.

இன்று குறள் தொடர்பான இணையதளங்களிலும் கைபேசிச் செயலிகளிலும் ஒவ்வொரு குறளுக்கும் கீழே மு.வ. உரை என்று இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. வீட்டுப்பாடத்துக்காக அதைப் பார்த்து எழுதும் மாணவருக்கு அந்த இரண்டு எழுத்துகள் யார் என்று பெரும்பாலும் தெரியாது. உரை மட்டும் புரிந்துவிடுகிறது.